எந்தக் கோயில் என்று கேட்டவள்

பணி அனுபவம் எழுதுகிறவர்கள் வழக்கமாக முப்பது வருடம் உழைத்துவிட்டு, சுவர்க் கடிகாரமும் கேடயமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களாக இருப்பார்கள். எனக்கு இருபத்தொன்பது வயது. உழைத்தது இரண்டு வருடம். கேடயமெல்லாம் இல்லை. ஒப்பந்தம் முடிந்துவிட்டது, மேசையைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். அடுத்த திங்கட்கிழமை நீங்கள் நான்கு பேர் இந்த அறைக்கு வருகிறீர்கள் என்றார்கள். நேரில் பார்க்க வாய்ப்பில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வேலையைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். சிறு வயதில் அரசாங்க இல்லங்களிலும் சமய அமைப்புகள் நடத்திய இல்லங்களிலும் வளர்ந்தவர்கள், அங்கே தங்களுக்கு நடந்ததைச் சொல்வதற்காக அரசாங்கம் ஒரு குழுவை அமைத்திருக்கிறது. நாம் கோல சிலாங்கூரிலிருந்து வேனில் கிளம்பி, தோட்டம் தோட்டமாக, கிராமம் கிராமமாகப் போய் வாக்குமூலம் எழுதுகிறவர்கள். நாம் எழுதியதை வைத்து மூன்று பேர் கொண்ட ஆணையம் விசாரிக்கும். நடந்தது உண்மை என்று தெரிந்தால், அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கும்.

படிவம் நிரப்புவது, பதிவேற்றுவது எல்லாம் இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும். எனக்கு ஒன்றரை நாளில் வந்தது. அதில் எனக்குப் பெருமை வேறு. பத்து விரலாலும் தட்டுவேன்; எதிரில் இருப்பவர் வாக்கியத்தை முடிக்கும்போது நானும் முடித்திருப்பேன். சில சமயம் அவருக்கு முன்பே முடித்திருப்பேன். நான் சொல்ல வந்த தவறு அந்த இடத்தில்தான் நடந்தது.

அசாம் ஜாவாவில் ஒரு தோட்டத்துக் கோயிலை ஒட்டிய மண்டபம். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், தலைக்கு மேலே கடகடவென்று ஆடும் காற்றாடி. அன்று பெயர் கொடுத்தவர்கள் ஒன்பது பேர். ஐந்தாவதாக வந்தவர் பாக்கியம். ஐம்பத்தேழு வயது. இப்போது கெர்லிங்கில் இருக்கிறார், பள்ளிக்கூடக் கெந்தீனில் சமைக்கிறார். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல், பாதி நரைத்தது. நாற்காலியில் உட்காரும்போது அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"மிஸ், பேசறதுக்கு முன்னால ஒண்ணு காட்டலாமா?"

"தாராளமா காட்டுங்க ஆன்ட்டி."

ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தார். அவர் வளர்ந்த இல்லத்தின் வாசல். எட்டுச் சிறுமிகள் வரிசையாக நிற்கிறார்கள். எட்டும் மொட்டைத் தலை. தலைகளில் ஏதோ பூசி வெளுத்திருக்கிறது. சந்தனம். பார்த்தவுடன் தெரிந்தது. தெரியாமல் என்ன? எங்கள் வீட்டுக் கூடத்திலும் ஒன்றரை வயதில் சந்தனத் தலையோடு நான் அழுகிற படம் மாட்டியிருக்கிறது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறாரே, கொஞ்சம் இலகுவாக்கலாம் என்று நினைத்தேன். ஒலிப்பதிவுக் கருவியைக்கூட இன்னும் போடவில்லை. பேச்சு தொடங்கட்டும், போடலாம் என்று வைத்திருந்தேன்.

"அட, எல்லாரும் நேர்த்திக்கடனா ஆன்ட்டி? எந்தக் கோயில்?"

அவர் என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று அன்று நான் கவனிக்கவில்லை. என் விரல்கள் விசைப்பலகை மேல் காத்திருந்தன.

"கோயில்தான் மிஸ்," என்றார். "பெரிய கோயில்."

படத்தைப் பையில் போட்டு, பையை இரண்டாக மடித்து, ரப்பர் வளையம் போட்டார். அதற்குப் பிறகு நான் கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. சாப்பாடு? இருந்துச்சு மிஸ். பள்ளிக்கூடம்? போனோம் மிஸ். அடித்தார்களா? எல்லா இடத்துலயும் அடிக்கறதுதானே மிஸ். இருபது நிமிடத்தில் முடிந்தது. வாசித்துக் காட்டினேன், கையெழுத்துப் போட்டார். அதில் ஒரு வரி இது: 'நேர்த்திக்கடனாக முடி காணிக்கை செலுத்தியதாகச் சொன்னார்.'

வேன் சாலையைத் தொடும் முன்பே ஒன்பதையும் அனுப்பிவிட்டேன்.

"ராத்தா, ஒரே நாள்ல ஒம்பது பேரு!" என்றேன். ராத்தா எங்கள் பொறுப்பாளர். ஜெரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பம். அவர்கள் வீட்டில் அக்காவை ராத்தா என்பார்களாம், நாங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம்.

"என்னாடி, பந்தயமா ஓடுற?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

மூன்று மாதம் கழித்துப் பழைய கோப்புகள் பெட்டி பெட்டியாக வந்தன. பாக்கியம் இருந்த இல்லத்தை நடத்தியது ஒரு சமய அமைப்பு. ஆனால் பிள்ளைகளை அங்கே அனுப்பியதும், அவ்வப்போது ஆள் அனுப்பிப் பார்த்ததும் அரசாங்கம். அந்தப் பார்வை அறிக்கைகள் ஐந்து கிடைத்தன. இரண்டு வருடத்தில் ஐந்து. ஐந்தையும் எழுதியவர் ஒரே அதிகாரி, பெயரைப் பார்த்தால் தமிழர். ஆங்கிலத்தில் அழகான சாய்வெழுத்து. முதல் அறிக்கையில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'பிள்ளைகள் சுத்தமாகவும் பக்தியோடும் இருக்கிறார்கள். சிலர் நேர்த்திக்கடனாக முடி இறக்கியிருக்கிறார்கள்.' கீழே பெயர்கள். பாக்கியத்தின் பெயர் முதலில்.

வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. என் வாக்குமூலமும் அரசாங்கக் கோப்பும் கச்சிதமாகப் பொருந்துகின்றன! காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ராத்தாவிடம் ஓடினேன். அவர் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் அறிக்கைகளைப் புரட்டினார். ஒருமுறை. பிறகு திரும்ப முதலிலிருந்து.

"இந்தப் புள்ள பேரு அஞ்சுலயும் இருக்கு," என்றார்.

"ஆமா ராத்தா."

"அஞ்சுலயும் மொட்டை."

"ஆமா."

"எனக்கு உங்க வழக்கம் தெரியாதுலா, அதான் கேக்குறேன். ரெண்டு வருஷத்துல அஞ்சு தடவ போடுவீங்களா?"

அறிக்கைகளை அவர் கையிலிருந்து வாங்கித் தேதிகளைப் பார்த்தேன். 

எந்தச் சாமிக்கு ஐந்து தடவை? முடி வளர வேண்டாமா? நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை ஒரு பத்து வயதுப் பெண்ணுக்கு அப்படி என்ன வேண்டுதல்? எங்கள் வழக்கத்தில் எதுவுமே தெரியாத ஒருவர், வாயில் சோற்றோடு, ஒரே வாசிப்பில் கேட்ட கேள்வி இது. எல்லாம் தெரிந்த எனக்கும், எல்லாம் தெரிந்த அந்தத் தமிழ் அதிகாரிக்கும் தோன்றவே இல்லை. தெரிந்ததால்தான் தோன்றவில்லை. அந்தச் சாய்வெழுத்தையும் என் கணினித் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரே வரி. கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்து, அதே பெண்ணைப் பற்றி, அதே வரியை நானும் எழுதியிருக்கிறேன்.

அதைவிட மோசமானது அந்த வாரக் கடைசியில் வந்தது. அதே இல்லத்தில் வளர்ந்த இன்னொருவர், சரசு, இப்போது சுங்கை செம்பிலாங்கில் வசிக்கிறார், என் சக ஊழியரிடம் வாக்குமூலம் கொடுத்திருந்தார். அங்கே மொட்டையடிப்பது தண்டனை என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். வாக்குமூலங்களின் நகல் அந்தச் சமய அமைப்புக்கும் போகும்; அவர்களுடைய வக்கீல் அனுப்பிய பதில் வந்தது. மரியாதையான கடிதம். 'அதே காலத்தில் அதே இல்லத்தில் இருந்த மற்றொருவர், அது நேர்த்திக்கடன் என்று கையெழுத்திட்டுச் சொல்லியிருக்கிறார்' என்று எழுதி, மேற்கோள் குறிக்குள் ஒரு வரியைப் போட்டிருந்தார்கள். என் வரி. விசாரணைக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த வரி நின்றால் சரசுவின் வழக்கு நிற்காது.

ராத்தா சரசுவைக் கூப்பிட்டு, அவர் பெயரைப் பாக்கியத்திடம் சொல்லலாமா என்று அனுமதி கேட்டார். கிடைத்தது. மறுநாள் நான் கெர்லிங் போனேன்.

போகும்போது வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். கதவைத் திறந்தது பாக்கியம் இல்லை, அவருடைய நாத்தனார், பத்மா. பாக்கியம் கெந்தீனிலிருந்து வர இன்னும் பத்து நிமிடம் ஆகும் என்றார். நான் அரசாங்க ஆபீஸ், ஆன்ட்டி சின்ன வயதில் கோயிலுக்கு முடி கொடுத்தது பற்றிப் பேச வந்தேன் என்று சொல்லித் தொலைத்தேன். ஆமாம், அந்த அவசர வாய் அன்றைக்கும் திருந்தவில்லை.

பத்மா கைகொட்டிச் சிரித்தார்.

"எங்கண்ணியா? முடி குடுத்தாங்களா? ஐயோ, நல்லாருக்கே கத! மூணு புள்ளைங்க மிஸ். ஒண்ணுக்கும் மொட்ட போட விடல. காது குத்த விட்டாங்க, சோறு ஊட்ட விட்டாங்க, முடி மட்டும் கூடாது. எங்கம்மா அழுது பார்த்தாங்க, சண்ட போட்டுப் பார்த்தாங்க. கடேசியில சொல்லாம கொள்ளாம ஒரு ஆள வூட்டுக்கே வர வெச்சாங்க. அண்ணி கதவுல நின்னுக்கிட்டு, என் புள்ள தலையில கத்தி பட்டுச்சுன்னா உன் கை இருக்காதுன்னாங்க. அந்தாளு சாமானெல்லாம் வுட்டுட்டு ஓடிட்டான்! அப்புறம் எங்கம்மா சாவுற வரைக்கும் இவங்க கையால தண்ணி வாங்கிக் குடிக்கல."

அவருக்கு அது குடும்பத்தில் வருடக்கணக்காகச் சொல்லிச் சிரிக்கிற கதை.  மாமியாரையே எதிர்த்து, தன் பிள்ளைகளின் தலையில் கத்தி படக்கூடாது என்று வாசலில் நின்ற பெண்ணை நான் 'காணிக்கை செலுத்தினார்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பாக்கியம் வந்தார். என்னைப் பார்த்தார், நாத்தனாரைப் பார்த்தார்.

"பத்மா, மிஸ்ஸுக்குத் தேத்தண்ணி கலக்கு போ."

அவர் உள்ளே போனதும் நான் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. "ஆன்ட்டி, நான் தப்பா எழுதிட்டேன்," என்றேன். அறிக்கைகளின் நகலை எடுத்து வைத்தேன். தன் கோப்பைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு. நான் வாசித்துக் காட்டினேன். பக்தியோடு இருக்கிறார்கள் என்ற இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"பக்தின்னா எழுதியிருக்கான்?"

"ஆமா ஆன்ட்டி."

பின்னலைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு பேசினார். இந்த முறை நான் கேட்டுவிட்டு ஒலிப்பதிவைப் போட்டேன். விரல்களை மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஓடிப் போனா மொட்ட. சோத்துல புழு இருக்குன்னு சொன்னா மொட்ட. படுக்கைய நனைச்சுட்டா மொட்ட. அங்க பெரியவர ஐயான்னுதான் கூப்புடணும். ஐயா தொட மாட்டாரு. எங்களையே செய்ய வெப்பாரு. ரெண்டு ரெண்டு பேரா எதிரும் புதிருமா உக்கார வெச்சு, பழைய பிளேடு ஒண்ணு. ஃபோட்டோவுல எம் பக்கத்துல நிக்கிறா பாருங்க, அவ தலய நான் மழிச்சேன். எந் தலய அவ. அழுதா மறுபடியும் முதல்லருந்து."

"சந்தனம்?"

"சனிக்கிழம ஆபீசர் வராருன்னா வெள்ளிக்கிழம சந்தனம் அரைக்கணும். நாங்கதான் அரைப்போம். பூசிட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு ஐயாவுக்குத் தெரியும்."

உள்ளே கண்ணாடிக் கோப்பையில் கரண்டி சுழலும் சத்தம் நின்றுவிட்டது. பத்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த ஆபீசரு நல்லவருதான் மிஸ். மிட்டாய் கொண்டாருவாரு. என்ன சொல்லணும்னு நான் மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன். வந்தாரு. எந் தலயப் பாத்தாரு. சிரிச்சாரு. எந்தக் கோயில்மான்னாரு. பக்கத்துல ஐயா நிக்கிறாரு. நான் என்ன சொல்ல? ஒரு கோயில் பேரச் சொன்னேன். அடுத்த தடவயும் கேட்டாரு. வேற கோயில் சொன்னேன். அஞ்சு தடவயும் வேற வேற கோயில் பேரு சொன்னேன். ஒரு தடவயாச்சும் சந்தேகம் வரும்னு பாத்தேன். வரல."

ஒரு குழந்தை தன்னால் முடிந்த ஒரே வழியில் ஐந்து தடவை உதவி கேட்டிருக்கிறது. ஐந்து கோயில்களின் பெயரில். நான் அந்த அறிக்கைகளைப் பிறகு மறுபடி பார்த்தேன். அந்த மனிதர் ஐந்து பெயர்களையும் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறார். எழுத்துப் பிழைகூட இல்லை.

"அன்னிக்கி மண்டபத்துக்கும் மனப்பாடம் பண்ணிட்டுத்தான் வந்தேன்," என்றார் பாக்கியம். "இந்தத் தடவ ஃபோட்டோவக் காட்டிட்டா நான் சொல்லவே வேணாம், அவங்களே கேட்டுக்குவாங்கன்னு நெனச்சேன். நீங்க சிரிச்சீங்க. அதே கேள்விய கேட்டீங்க. எனக்குப் பத்து வயசாயிடுச்சு மிஸ்."

நான் அழுதேன். அழுதிருக்கக் கூடாது, அது அவருடைய வீடு, அவருடைய கதை. பத்மா கோப்பையோடு வந்து, எனக்குக் கொடுப்பதற்குப் பதிலாக அண்ணிக்குக் கொடுத்தார். "மொதல்ல நீங்க குடிங்கண்ணி," என்றார். 

பிறகு சரசுவைப் பற்றிச் சொன்னேன். உங்கள் கையெழுத்தை வைத்து அவர் சொல்வதைப் பொய் என்கிறார்கள் என்று சொன்னேன்.

"சரசு உசிரோட இருக்காளா?" என்று எழுந்துவிட்டார். பிறகு உட்கார்ந்தார். "எங் கைய வெச்சு அவ தலய மழிச்சாங்க. இப்ப எங் கையெழுத்த வெச்சு அவ வாய அடைக்கிறாங்களா?" என்னைப் பார்த்து விரலை நீட்டினார். "நாங்க பக்தியா இருந்தோம்னு கவர்மெண்டு எழுதி வெச்சிருக்குல்ல. அது பொய்யின்னு கவர்மெண்டே எழுதணும். அதுக்கு நான் எங்க வரணும், சொல்லுங்க."

இதுவரை சொன்னது தவறு. இனிச் சொல்வது அதற்குப் பிறகு வந்த சங்கடம்.

பாக்கியத்தின் இரண்டாவது வாக்குமூலத்தை மட்டும் அனுப்பினால் போதும் என்று முதலில் நினைத்தேன். ராத்தா தலையை ஆட்டினார். "மொதல்ல ஒண்ணு சொன்னாங்க, ஆபீஸ்ல இருந்து ஆள் போனதும் மாத்திச் சொல்றாங்கன்னு வக்கீல் ஒரே வரியில முடிச்சிடுவாரு." உண்மை. அப்படியானால் அந்தச் சொல் பாக்கியத்தின் வாயிலிருந்து வரவில்லை, என் வாயிலிருந்து வந்தது என்று நான் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"எழுதிடறேன் ராத்தா."

"அவசரப்படாத. உன்னோடது மொத்தம் எத்தன வாக்குமூலம்?"

"அறுபத்தெட்டு."

"ஒண்ணுல அவங்க சொல்ல வேண்டியத நீயே எடுத்துக் குடுத்தேன்னு ஒத்துக்கிட்டா, மிச்ச அறுபத்தேழையும் நோண்டுவாங்க. அந்த அறுபத்தேழு பேருக்கு யாரு பதில் சொல்றது?"

 ராத்தா கைப்பையை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போய்விட்டார். ஒரு நாள் முழுக்க, என்னை நம்பிப் பேசிய அறுபத்தேழு பேரைக் காப்பாற்றுவதற்காகத்தான் சும்மா இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதில் பாதி என் பெயரைக் காப்பாற்றுவதற்கு என்பது மதியச் சாப்பாட்டுக்குள் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் அறுபத்தெட்டையும் திறந்தேன். ஒலிப்பதிவு இருந்ததைக் கேட்டேன். இல்லாத இடங்களில் என் குறிப்பேட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு பதிலுக்கும் நான் என்ன கேட்டேன் என்று தேடினேன். நம் படிவத்தில் பதிலுக்குத்தான் கட்டம் இருக்கிறது, கேள்விக்கு இல்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஒன்பது நாள் ஆனது. இன்னும் நான்கு இடங்களில் என் சொல் அவர்கள் பதிலாகி உட்கார்ந்திருந்தது. நான்கு பேரையும் போய்ப் பார்த்தேன். இரண்டு பேர், சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள். இரண்டு பேர் திருத்தினார்கள். ஒருவர், "நீங்க அவ்ளோ அழகா சொன்னீங்க மிஸ், அதான் ஆமான்னுட்டேன்," என்றார். அந்தப் பாராட்டை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

ஐந்தையும் பட்டியலிட்டுப் பிரமாணம் எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். ராத்தா வாசித்தார். ஒரு காற்புள்ளியைத் திருத்தினார். "அனுப்பு," என்றார்.

விசாரணை கோல சிலாங்கூரில், ஒரு அரசாங்கக் கட்டடத்தின் மாடி அறையில். ஜன்னலுக்கு வெளியே குரங்குகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தன. சரசு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார், சின்ன உருவம், மீன்கடைக்காரரின் உரத்த குரல். பாக்கியம் வாசலில் வந்து நின்றார். சரசு எழுந்து, முந்தானையை ஒதுக்கி, காதைத் திருப்பிக் காட்டினார். பின்னால் ஒரு வெள்ளைத் தழும்பு.

"கண்ணு தெரியாதவ மாதிரி மழிச்ச நீதானே?"

"நீ மட்டும்? எந் தலய கொய்யாப்பழம் கடிச்ச மாதிரி வுட்டே!"

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். சிரிக்கிறார்களா அழுகிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த முறை நான் முடிவு செய்யவும் இல்லை.

வக்கீல் முதலில் என்னைக் கேட்டார். உங்கள் மற்ற வாக்குமூலங்களை மட்டும் எப்படி நம்புவது? பட்டியலைக் கொடுத்தேன், ஒவ்வொன்றையும் திரும்பச் சரிபார்த்த விதத்தையும் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு என்னை விட்டுவிட்டார். ஆனால் பாக்கியத்தை விடவில்லை. கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே? வாசித்துக் காட்டினார்கள்தானே? ஏன் மறுக்கவில்லை?

பாக்கியம் அவருக்குப் பதில் சொல்லாமல் நடுவில் இருந்த ஆணையத் தலைவரைப் பார்த்தார்.

"ஐயா, ஒரு ஆபீசர் சிரிச்ச மொகமா எந்தக் கோயில்னு கேட்டா, புள்ள என்ன சொல்லும்? கோயில் பேரத்தான் சொல்லும். எனக்கு வயசு அம்பத்தேழு. அன்னிக்கும் அதான் சொன்னேன். பயம் வயசப் பாக்குறதில்ல ஐயா." பிறகு பின்னலைத் தூக்கி மேசை மேல் வைத்தார். "அங்கருந்து வெளிய வந்த நாள்லருந்து இதுல கத்தரி படல. நான் முடி குடுத்த ஆளா, இல்ல புடுங்கப்பட்ட ஆளா, நீங்களே எழுதிக்குங்க."

குரங்குகள்கூடச் சத்தம் போடவில்லை என்று எழுத ஆசைதான். போட்டன.  தலைவர் ஐந்து அறிக்கைகளையும் எடுத்து, ஐந்து கோயில்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தார். ஐந்தாவது பெயருக்குப் பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

முடிவு வர ஏழு மாதம் ஆனது. இரண்டு கடிதம், சரசுவுக்கு ஒன்று, பாக்கியத்துக்கு ஒன்று. மலாயில் இருந்ததால் வாசித்துச் சொல்ல நான் கெர்லிங் போனேன். ஒப்பந்தத்தின் கடைசி மாதம். பத்மாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மெதுவாக, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். முடி மழித்தது தண்டனை. அதை நேர்த்திக்கடன் என்று அரசாங்க அறிக்கைகளில் எழுதியது பொய்யான பதிவு. அரசாங்க அதிகாரி ஐந்து முறை நேரில் பார்த்தும், பிள்ளைகளைத் தனியாக அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்காக அரசாங்கம் மன்னிப்புக் கேட்கிறது.

"பொய்யின்னே போட்டிருக்கா?"

"போட்டிருக்கு ஆன்ட்டி."

கடிதத்தை வாங்கி, அந்த வரி எங்கே என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். அந்த இடத்தையே கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"எத்தன தடவ பாத்தாங்கன்னு போட்டிருக்கு?"

"அஞ்சு தடவன்னு."

"தப்புலா மிஸ்," என்றார். "ஆறு."

எனக்கு விளங்க ஒரு நொடி ஆனது. அவர் முகத்தில் கோபம் இல்லை. கணக்கைச் சரிபார்க்கிறவரின் முகம், அவ்வளவுதான்.

"அத கவர்மெண்டு எழுதாது," என்றார். "நீங்க எழுதிடுங்க."

எழுதிவிட்டேன், பாக்கியம் ஆன்ட்டி. ஆறாவது தடவை பார்த்தவள் நான்.

திங்கட்கிழமை வருகிறவர்களே, அசாம் ஜாவா மண்டபத்துக்கான அடுத்த தேதி பலகையில் இருக்கிறது. புதுப் படிவம் மேசையின் முதல் இழுப்பறையில். ராத்தா சண்டை போட்டு அதில் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்: 'நான் கேட்ட கேள்வி.' அதை முதலில் நிரப்புங்கள்.